விசைப்படகுக்கு எந்த பேட்டரி: லாரி பேட்டரியா, டியூபுலரா, ஏஜிஎம்மா, லித்தியமா?

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் எங்கள் அண்ணன் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். ஒருமுறை கடலுக்குப் போன நான்காம் நாள் விடியற்காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் தங்கள் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, தங்கள் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கொடுத்ததால் எஞ்சின் ஓடியது. இல்லையென்றால் கட்டி இழுத்துத்தான் கரைக்கு வந்திருக்க வேண்டும்.

நான் கரையில் லாரி, டிராக்டர் ஒயரிங் வேலை பார்க்கிறவன். படகு கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றப் போனேன். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லாரி பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர், “அதே சைஸ்ல ரெண்டு போட்டுட்டுப் போங்க தம்பி, கடல்ல பதினாலு மாசம் ஓடினதே பெருசு” என்றார். அண்ணனோ, “180 போட்டா தாங்கும்ல?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், பழைய பேட்டரி எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைப் பார்க்காமல் புதிது வாங்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஒரு இரவு சும்மா வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒரு பேட்டரி 11.9 வோல்ட், இன்னொன்று 12.7. ஆசிட்டின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரை விட்டால் முதலாவதில் எல்லா செல்லும் 1.150 பக்கம் நிற்கிறது, கிட்டத்தட்டக் காலி. இரண்டாவதில் 1.280, ஆனால் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பிளேட்டின் தலை வெளியே தெரிகிறது, தண்ணீர் அவ்வளவு வற்றியிருந்தது. பக்கத்துப் படகில் கேபிள் வாங்கி எஞ்சினை ஓட்டி, டைனமோ சார்ஜ் ஏற்றும்போது மறுபடி பார்த்தேன். மொத்தம் 28.4 வோல்ட், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றில் 13.4, இன்னொன்றில் 15.0.

ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரி இரண்டு விதமாகச் செத்திருக்கிறது. ஒன்று பட்டினியில், இன்னொன்று அளவுக்கு மீறித் தின்று.

காரணம் ஒயரில் இருந்தது. எஞ்சின் செல்ஃப் 24 வோல்ட். ஆனால் ஆழம் காட்டுகிற எக்கோ, ஜிபிஎஸ், வயர்லெஸ், எல்இடி விளக்கு, வீல்ஹவுஸ் (படகை ஓட்டுகிற அறை) ஃபேன் எல்லாம் 12 வோல்ட். அதற்காக யாரோ இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, ஒரே பேட்டரியிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டியிருந்தார்கள். நம் படகுகளில் பல இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் அந்த ஒரு பேட்டரி இறங்கும். காலையில் டைனமோ ஏற்றும்போது தொடர் இணைப்பில் இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். நிறைந்திருக்கிற பேட்டரி பொங்கித் தண்ணீரை இழக்கும். இறங்கிய பேட்டரி முழுதாக ஏறவே ஏறாது, பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். 180 ஏஎச் போட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் கூட ஓடியிருக்கும். அப்புறம் இதே கதைதான்.

ஆகவே எங்கள் முன்னால் இருந்தது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. செல்ஃப் அடிக்க எந்த பேட்டரி? விளக்குக்கும் வயர்லெஸுக்கும் எந்த பேட்டரி? இரண்டும் வேறு வேலை. செல்ஃபுக்குச் சில நொடிகள் பல நூறு ஆம்பியர் வேண்டும், உடனே டைனமோ அதைத் திருப்பி நிரப்பிவிடும். விளக்குக்கு இரவு முழுக்க ஐந்தாறு ஆம்பியர் சொட்டுச் சொட்டாக வேண்டும், காலைவரை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டோம். இரவு நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்துகிற எட்டு மணி நேரத்துக்கு மட்டும். விஎச்எஃப் வயர்லெஸ் காத்துக்கிடக்க அரை ஆம்பியர், ஆகமொத்தம் 4 ஏஎச். ஜிபிஎஸ் ஒரு ஆம்பியர், 8. நங்கூர விளக்கு எல்இடி, 4. பத்து வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம், ஏறக்குறைய 17. ஃபேன் ஒன்றரை ஆம்பியர், 12. ஆளுக்கொரு செல்போன் சார்ஜ், ஒரு 5. மொத்தம் 50 ஏஎச். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், இதற்கு 100 ஏஎச் என்பது விளிம்பில் நிற்கிற அளவு.

செல்ஃபுக்கு

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. லாரி பேட்டரிதான். மெல்லிய பிளேட்டு நிறைய அடுக்கியிருப்பதால் சட்டென்று பெரிய கரண்ட் கொடுக்கும், எந்த ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு, தண்ணீர் வற்றினால் ஊற்றலாம். எஞ்சின் ரூம் சூட்டில் இந்தக் கடைசி விஷயம் பெரிது. சூடு எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். வற்றுகிற தண்ணீரைத் திருப்பி ஊற்ற முடிகிற பேட்டரி அங்கே கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். இதைப் பாதிக்கு மேல் இறக்குகிற பழக்கம்தான் இதற்கு எமன். செல்ஃப் வேலை மட்டும் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை.

‘மரைன்’ என்று எழுதி வருகிற வெளிநாட்டு பேட்டரிகளை ஒரு நண்பர் சிபாரிசு செய்தார். அவற்றில் எம்சிஏ என்று ஒரு எண் பெரிதாக இருக்கும். அது பூஜ்ய டிகிரியில் கொடுக்கிற கரண்ட். நம் லாரி பேட்டரியில் இருக்கிற சிசிஏ, மைனஸ் 18 டிகிரியில் கொடுக்கிற கரண்ட். ஒரே பேட்டரிக்கே முதல் எண் பெரிதாகத்தான் வரும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மார்கழியிலும் வேர்க்கிற எஞ்சின் ரூமுக்கு இரண்டு கணக்கும் பெரிய கவலை இல்லை.

விளக்குக்கும் வயர்லெஸுக்கும்

இங்கேதான் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது.

அண்ணனுக்கு முதலில் பிடித்தது இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர். மெதுவாக இறங்குகிற வேலைக்கென்றே செய்தது. பாசிட்டிவ் பிளேட்டைக் குழாய் உறைக்குள் வைத்திருப்பதால் ஈயக்கூழ் உதிராது, ஆழமாக இறக்கினாலும் வருஷக்கணக்கில் தாங்கும். வீட்டு மூலையில் வைக்க இதைவிட நல்லது இல்லை. படகில் எனக்கு இரண்டு ஆட்சேபம். ஒன்று, உயரம். 150 ஏஎச் டால் டியூபுலர் முழங்கால் அளவு நிற்கும், எடை ஐம்பது கிலோவுக்கு மேல். வாடைக்காற்று நேரத்தில் படகு உருண்டு ஆடும்போது மூடி வழியாக ஆசிட் தெறிக்கும். இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். ஆட்கள் படுக்கிற, பீடி பற்றவைக்கிற வீல்ஹவுஸில் அதை வைக்க என் மனம் ஒப்பவில்லை. எஞ்சின் ரூமில் வைத்தால் கீழே தேங்குகிற உப்புத் தண்ணீர் பயம். கடல்நீர் பேட்டரி ஆசிட்டில் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். அதனால்தான் லாரி பேட்டரியைக்கூட இந்த முறை ஒரு முழம் மேலே தட்டுப் போட்டு ஏற்றினோம்.

அடுத்தது லித்தியம். மச்சான் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், அவன் போனில் விடாமல் சொன்னது இதுதான். அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. லித்தியம் பாஸ்பேட் 100 ஏஎச் என்றால் எண்பது தொண்ணூறு ஏஎச்சைத் தாராளமாக எடுக்கலாம். கடைசிவரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். ஈயத்தில் முப்பது கிலோ வருவது இதில் பன்னிரண்டு கிலோ பக்கம். சீக்கிரம் ஏறும்.

ஆனால் எங்கள் படகுக்கு இந்த நன்மைகள் எவ்வளவு பயன்படும் என்று பார்த்தேன். டன் கணக்கில் ஐஸும் டீசலும் ஏற்றுகிற லாஞ்சில் பதினெட்டு இருபது கிலோ மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடி வலை இழுக்கிறோம், பேட்டரி நிதானமாக ஏறினாலும் மாலைக்குள் நிறைந்துவிடும். ஆக, லித்தியத்தின் இரண்டு பெரிய பலம் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. விலையோ விசாரித்த இடத்தில் எல்லாம் ஏஜிஎம்மைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. அதற்குள் பேட்டரியைக் காவல் காக்க பிஎம்எஸ் என்று ஒரு போர்டு இருக்கிறது. சூடு கூடினாலோ, வோல்டேஜ் கூடினாலோ அது பேட்டரியை மொத்தமாகத் துண்டித்துவிடும். பாதுகாப்புக்குத்தான். ஆனால் டைனமோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி டைனமோவின் டயோடும் போகலாம். நடுக்கடலில், இருட்டில், வயர்லெஸ் ஏன் அணைந்தது என்று டிரைவர் தேடுகிற நிலைமை வரக் கூடாது.

லித்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். அவர்கள் எஞ்சினைக் கயிறு இழுத்து எடுக்கிறார்கள், செல்ஃப் கிடையாது. ஒரு விளக்கு, ஒரு ஜிபிஎஸ், ஒரு வாக்கிடாக்கி, அவ்வளவுதான் பளு. கரைக்கு வந்ததும் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் சார்ஜ் போடுகிறார்கள். மணலில் முப்பது கிலோ சுமக்கிறவருக்கும் ஆறேழு கிலோ சுமக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். அலை அடித்துப் படகு கவிழ்ந்தாலும் ஆசிட் கொட்டாது.

மிச்சம் ஏஜிஎம். கண்ணாடி நார்ப் பஞ்சில் ஆசிட்டை உறிஞ்சவைத்து மூடிய பேட்டரி. சாய்ந்தாலும் சிந்தாது, சாதாரணமாக வாயுவும் வெளியே வராது. வீல்ஹவுஸ் பலகைக்கு அடியில் தைரியமாக வைக்கலாம். குறை என்னவென்றால், அதிகமாக சார்ஜ் ஏற்றித் தண்ணீர் வற்றினால் திருப்பி ஊற்ற வழியில்லை. 14.4 வோல்ட்டுக்கு அதிகம் மேலே போகாத நல்ல சார்ஜர் வேண்டும், எஞ்சின் சூட்டுக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘எஸ்எம்எஃப்’ (மூடிய, பராமரிப்பு வேண்டாத பேட்டரி) என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று சரக்கு விற்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாத லாரி பேட்டரியையும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் ஆசிட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லேசாக ஆட்டிப் பார்த்தால் தளும்புவது தெரியும். யுபிஎஸ்ஸுக்கு வருகிற எஸ்எம்எஃப் ஏஜிஎம்தான், ஆனால் எப்போதும் நிறைந்தே இருந்து என்றைக்காவது ஒருநாள் இறங்குகிற வேலைக்குச் செய்தது. தினமும் ஏற்றி இறக்குவதற்கென்று, சோலாருக்கு வருகிற ஏஜிஎம் கேளுங்கள். உறையில் சி10 என்று இருந்தால் பத்து மணி நேரத்தில் இறக்குகிற கணக்கு, சி20 என்றால் இருபது மணி நேரக் கணக்கு. 100 ஏஎச் சி10 என்பது 100 ஏஎச் சி20-ஐ விடக் கொஞ்சம் பெரிய பேட்டரி. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னை முடிவாக ஏஜிஎம் பக்கம் தள்ளியது வேறொன்று. 100 ஏஎச் ஒன்று போதாது, பெரிதாக ஒரே பேட்டரி வாங்குவதா, 100-இல் இரண்டு வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இரண்டாக வாங்கி இணையாகக் கோர்த்தால் 12 வோல்ட் 200 ஏஎச். ஒரு இரவுக்கு 50 என்றால் கால்வாசிதான் இறங்கும், ஆயுள் கூடும். என்றைக்காவது செல்ஃப் பேட்டரி கைவிட்டால், இந்த இரண்டையும் தொடராக மாற்றிக் கோர்த்தால் 24 வோல்ட். ஏஜிஎம்முக்கு உள்தடை குறைவு, செல்ஃபை ஓரிரு தடவை அடிக்கும். டியூபுலர் அந்த இழுப்புக்குத் தொய்ந்துவிடும். சாதாரண லித்தியத்தின் பிஎம்எஸ் அவ்வளவு கரண்டை விடவே விடாது.

இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் சிதறக் கூடாது. முதலில் இணைக் கேபிள் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தொடர்க் கேபிளை மாட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் நேராக ஷார்ட், ஸ்பேனர் உருகிக் கையோடு ஒட்டும். இணைக் கேபிளுக்குச் சிவப்பு நாடாவும் தொடர்க் கேபிளுக்கு மஞ்சள் நாடாவும் சுற்றி, கரையில் வைத்தே டிரைவரை மூன்று தடவை செய்ய வைத்தேன். கேபிளும் செல்ஃப் கேபிள் கனத்துக்கு இருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றாலும் வயர்லெஸ் நிற்கக் கூடாது என்பது எனக்கு முக்கியம். விஎச்எஃப்பில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டால்தான் பக்கத்துப் படகோ கடலோரக் காவல்படையோ கேட்கும். காவல்படையின் உதவி எண் 1554-க்கு போன் போட டவர் வேண்டும், ஆழ்கடலில் அது ஏது? எஞ்சின் படுத்துவிட்டு உதவி வர ஒன்றரை நாள் ஆனாலும், ஃபேனை அணைத்து விளக்கைக் குறைத்தால் இந்த 200 ஏஎச் தாக்குப் பிடிக்கும்.

பணம் முடையாக இருப்பவர்களுக்கு ஒரு மலிவான வழியும் உண்டு. நடு ஒயரைக் கழற்றிவிட்டு, 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கலாம். ஒன்று பட்டினி, ஒன்று பொங்கல் என்ற நோய் அதோடு தீரும். செல்ஃப் பேட்டரியை விளக்கு இறக்குகிற ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். தூத்துக்குடிப் படகுகளைப் போல விடியற்காலை போய் இரவுக்குள் திரும்புகிறவர்களுக்கு எஞ்சின் அதிகம் நிற்பதில்லை, அவர்களுக்கு இதுவே போதும். நாள்கணக்கில் கடலில் கிடக்கிற எங்களைப் போன்றவர்களும் சென்னை காசிமேட்டுப் படகுகளும் தனி பேட்டரி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஆக நாங்கள் வாங்கியது: லாரி பேட்டரி 150 ஏஎச் இரண்டு, சோலார் ஏஜிஎம் 100 ஏஎச் இரண்டு, 24-லிருந்து 12-க்கு ஏற்றுகிற 20 ஆம்பியர் சார்ஜர் ஒன்று, வீல்ஹவுஸ் கூரைக்கு 100 வாட் சோலார் பேனல் ஒன்று. பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு முப்பது ஏஎச் பக்கம் கொடுக்கும். கடலில் அது உபரிதான், அதன் உண்மையான வேலை மீன்பிடித் தடைக்காலத்தில்.

கடையில் நான் பார்த்தவை கொஞ்சம். ஜோடியாகப் போடுகிற இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாத உற்பத்தி. பழையது ஒன்றோடு புதியது ஒன்று சேர்க்கவே கூடாது. கடையில் ஆறு மாதம் தூங்கிய சரக்கை வாங்கவில்லை. எடையைத் தூக்கிப் பார்த்தேன், ஈயம் குறைத்து அசெம்பிள் செய்த லோக்கல் பேட்டரி அங்கேயே தெரிந்துவிடும். வாரண்டி அட்டையில் எந்த உபயோகத்துக்கு என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்தேன், லாரிக்கு என்று விற்றதைப் படகில் போட்டால் வாரண்டி தராமல் போகலாம். அதைக் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசி எழுதி வாங்கினேன். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டால் ஈயத்துக்கு விலை உண்டு, அதைக் கழித்துத்தான் பில் போட வேண்டும்.

மாட்டும்போது பழைய செல்ஃப் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் உறைக்குள் ஒரு சாண் தூரம் செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று உள்ளே ஏறியிருக்கிறது. இப்படி ஒரு கேபிள் இருந்தால் எந்தப் புது பேட்டரியும் பழசு போலத்தான் நடந்துகொள்ளும். ஈயம் பூசிய செம்புக் கேபிளாக மாற்றி, முனையை அழுத்தி, சூட்டுக்குழாய் போட்டு, மேலே வாஸலின் தடவினேன். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரில் 24 வோல்ட் 19-க்குக் கீழே இறங்கக் கூடாது. எங்களுக்கு 21-க்கு மேலேயே நின்றது.

அடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது, கத்திரி வெயில் வேறு. பல பேட்டரிகள் சாவது கடலில் இல்லை, இந்த இரண்டு மாதத்தில்தான். ஈய பேட்டரி சும்மா கிடந்தாலே இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். அதோடு கட்-ஆஃப் சுவிட்ச் போடாமல் ஜிபிஎஸ்ஸோ வேறு எதுவோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தால், ஜூன் 15 காலையில் எல்லாப் படகும் கிளம்ப நம் படகு மட்டும் செல்ஃப் எடுக்காமல் நிற்கும். இந்த முறை லாரி பேட்டரி இரண்டையும் கழற்றி வீட்டு நிழலில் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் பார்த்தேன். ஏஜிஎம் படகிலேயே இருந்தது, கூரை பேனல் அதை நிறைவாக வைத்துக்கொண்டது.

ஜூன் 14 சாயங்காலம் திருப்பி மாட்டி, எஞ்சினை ஓட்டி, இரண்டு லாரி பேட்டரியிலும் தனித்தனியாக மீட்டர் வைத்தேன். ஒன்றில் 14.2, இன்னொன்றில் 14.2. அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானடா காட்டுது” என்றார். “ஆமாண்ணே, ஒண்ணுதான் காட்டணும்” என்றேன். ஐஸ் ஏற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள், மீட்டரை மூடி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.